விழிப்பு அணியும் ஓர் ஊசியும்

தடுப்பூசி போட்டுக்கொள்வதில்லை என்று நான் முடிவெடுத்தேன். ஏதோ வாய்க்கு வந்தபடி எடுத்த முடிவு இல்லை. ஆராய்ச்சி செய்து எடுத்த முடிவு. ஆராய்ச்சி நடந்த இடம், எங்கள் வீட்டு ஹால் சோபா. கருவி, என் கைபேசி. உதவியாளர், கேட்டபோதெல்லாம் காபி கொண்டு வந்து வைத்த என் மனைவி. முடிவை முதலில் அவளிடம்தான் அறிவித்தேன். அவள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

“நான் ஊசி போட்டுக்கப் போறதில்ல.”

“சரிங்க.”

“ஏன்னு கேக்க மாட்டியா?”

“கேட்டா சொல்வீங்களே.”

இப்படித்தான். ஒரு ஆராய்ச்சியாளனுக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

நான் கண்ணாடிக் கடைக்காரன். மூக்குக் கண்ணாடி. ஊரில் பாதிப் பேர் மூக்கில் உட்கார்ந்திருப்பது நான் மாட்டிவிட்டதுதான். “இதுல தெளிவா இருக்கா? சரி, இப்ப இதுல?” என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற புத்தி எனக்கு ஊறிப்போயிருந்தது. ஊருக்குள் தொற்றுநோய் வந்தது. கடையைச் சாத்தச் சொன்னார்கள். கடைக்காரன் சோபாவுக்கு வந்து சேர்ந்தான். பார்க்கவும் கேட்கவும் கையில் போன் இருந்தது.

ஆரம்பத்தில் நான் அரசாங்கத்தைவிடக் கண்டிப்பாக இருந்தேன், தெரியுமா? அவர்கள் கையைக் கழுவச் சொன்னார்கள். நான் வெங்காயத்தைக் கழுவினேன், சோப்புப் போட்டு. பால் பாக்கெட்டை வெயிலில் காயவைத்தேன். அது கெட்டுப்போனது. செய்தித்தாளை இஸ்திரி போட்டுத்தான் படித்தேன். தலையங்கம் மட்டும் தீய்ந்துவிட்டது. அன்றைக்கு மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள்.

அப்புறம்தான் மாடி வீட்டு கேஷியர் என்னை அவருடைய குழுவில் சேர்த்தார். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பழகியவர், உலகத்தையும் அப்படியே தூக்கிப் பார்த்து, ‘இது கள்ளநோட்டு’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். குழுவின் பெயர் ‘விழிப்பு அணி’. சேர்ந்த மறுநாளே நான் அணியின் துணைத்தலைவர். எனக்கு முன்னால் துணைத்தலைவராக இருந்தவர் பேரனுக்கு ஆன்லைன் வகுப்பு என்று போனைப் பறிகொடுத்துவிட்டாராம்.

விழிப்பு அணியில் எதை நம்புவது, எதை நம்பக்கூடாது என்பதில் தெளிவு இருந்தது. அரசாங்க அறிவிப்பா? சந்தேகம். டாக்டரா? பெரிய சந்தேகம். பத்திரிகையா? அவர்களுக்கு என்ன தெரியும்? டிவியில் நாலு பேர் கத்துகிறார்களா? கத்துகிறவன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கும். ஆனால் பெயர் தெரியாத ஒருவர், ஊர் தெரியாத இடத்திலிருந்து, தொண்டை கம்ம, “உறவுகளே, இதைச் சொல்றதால என் உயிருக்கே ஆபத்து” என்று ஆரம்பித்தால் போதும், அது சத்தியம்.

இப்படிப்பட்ட சத்தியங்கள் காலையில் நான் கண் விழிப்பதற்குள் குவிந்துவிடும். எல்லாம் குரல் பதிவுகள். முழுக்கக் கேட்டு முடிக்க ஒரு ஆயுசு போதாது. நல்லவேளையாக அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தேன். ஒரு தட்டுத் தட்டினால் பேச்சு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். அதிலிருந்து எல்லாவற்றையும் அந்த வேகத்தில்தான் கேட்டேன். என் பழைய போனின் கிழிந்த ஸ்பீக்கரில், அந்த வேகத்தில், ஆண்களுக்கெல்லாம் ஒரே குரல், பெண்களுக்கெல்லாம் ஒரே குரல். பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே பேசுகிறவர் குரல். அதுவும் ஒரு நன்மைதான். செய்தியின் அவசரம் நன்றாகப் புரியும்.

என் மனைவி மழலைப் பள்ளி ஆசிரியை. பள்ளி மூடிவிட்டதால் அவளும் வீட்டில்தான். தினமும் காலையில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தைகளுக்கான கதைகளைப் போனில் பேசிப் பதிவு செய்து பெற்றோர்களுக்கு அனுப்புவாள். சிங்கமும் அவள்தான், முயலும் அவள்தான். அடம்பிடிக்கிற யானைக்குட்டியைக் கெஞ்சாமல், மிரட்டாமல், தானாகவே குளிக்க வைத்துவிடுவாள். அந்தக் கதைகளில் ஒன்றையாவது நான் முழுதாகக் கேட்டிருக்கலாம். என்ன செய்வது, எனக்கு நேரம் இல்லை. நாட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன்.

என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. எங்கள் முதல் பேத்தி. மகள் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறாள். நாங்கள் பேத்தியைப் பார்த்ததெல்லாம் போன் திரையில்தான். பாதி நேரம் குழந்தையின் நெற்றி தெரியும், மீதி நேரம் மின்விசிறி தெரியும். மனைவி அந்த மின்விசிறியைப் பார்த்துக்கூட “செல்லம், அம்முக்குட்டி” என்று கொஞ்சுவாள். போனை வைத்த பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். தூக்க ஒரு குழந்தை இருந்தும் தூக்க முடியாத கை அது. எனக்கே பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

ஒருநாள் மகள் போனில் சட்டம் போட்டாள்.

“அப்பா, நீங்களும் அம்மாவும் ஊசி போட்டுக்குங்க. போட்டுட்டு வாங்க. எவ்வளவு நாள் வேணாலும் இருங்க.”

“போடலைன்னா?”

“போடலைன்னா இப்படியே ஃபேனைப் பாத்துட்டிருங்க.”

“அம்மா மட்டும் போட்டுட்டு வந்தா?”

“ஒரே வீட்டுல ரெண்டு பேரும் இருக்கீங்க. ரெண்டு பேரும் போடணும். பாப்பா ரொம்பச் சின்னவப்பா.”

என் மகள் என்னிடம் நிபந்தனை போடுவதா? விழிப்பு அணியின் துணைத்தலைவரிடமா? அன்று மத்தியானமே குழுவில் என் பிரகடனத்தை வெளியிட்டேன். ‘என் உடம்பில் ஓர் ஊசி இறங்கினால் மீசையை எடுத்துவிடுகிறேன்.’ கைதட்டுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கேஷியர் உடனே, ‘நானும்!’ என்று போட்டார். சுதந்திரப் போராட்ட மறியல் காலத்தில்கூட இவ்வளவு எழுச்சி இருந்திருக்காது.

மனைவி வந்து எதிரில் நின்றாள்.

“ஏங்க, நிஜமாவே போட மாட்டீங்களா?”

“கொள்கைன்னா கொள்கைதான்.”

“ஊசிய பாத்தா பயம்னு சொல்லிடுங்களேன். அதுல என்ன வெக்கம்?”

“பயமா? எனக்கா?”

“போன தடவை ரத்தம் எடுக்க வந்த பொண்ணு பஞ்சைத்தான் எடுத்தா. நீங்க மயங்கி விழுந்துட்டீங்க.”

“அது பசி மயக்கம்.”

“சாப்பிட்டுட்டுத்தானே போனீங்க?”

“அதான் சொல்றேன், சாப்பாட்டுல ஏதோ கோளாறு.”

“என் பேத்திய நான் தூக்கணும்ங்க” என்று மட்டும் சொன்னாள். குரல் உடைந்துவிட்டது. உள்ளே போய்விட்டாள். நானும் சோபாவிலிருந்து பாதி எழுந்தேன். ஆனால் கைதட்டின கைகளுக்கு நான் பதில் சொல்லவேண்டுமே! கொள்கைக்காரன் வாழ்க்கை லேசுப்பட்டதா?

மறுநாளிலிருந்து அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அழவில்லை, கெஞ்சவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒருநாள் “ஸ்கூல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்று போனாள், வந்தாள். அன்று மாலை பாத்திரம் எல்லாம் வலதுகையாலேயே கழுவினாள். நான் கவனித்தேன். ஆனால் கவனித்ததை யோசிக்கவில்லை. மனைவி பணிந்துவிட்டாள் என்று சோபாவில் காலை நீட்டிக்கொண்டேன். கல்யாணமான ஆண்களே, உங்கள் மனைவி சண்டையை நிறுத்திவிட்டால் காலை நீட்டாதீர்கள். மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம், ஒருநாள் காலை. நான் வழக்கம்போலக் குவியலைத் தட்டிக்கொண்டே வந்தேன். விழிப்பு அணியில் ஒரு குரல் பதிவு. ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற முத்திரையோடு வந்திருந்தது. அந்த முத்திரைதான் எங்களுக்குத் தரச்சான்று. தட்டினேன். ஒரு பெண் குரல், மூச்சு விடாமல், ரகசியமாகப் பேசியது.

“கவனமா கேளுங்க. நம்ம பகுதிக்கு வந்த ஊசி இன்னையோட தீருது. பெரிய ஆளுங்கள்லாம் சத்தமில்லாம போட்டுக்கிட்டாங்க. ஊசி வேணாம், வேணாம்னு உங்களுக்குச் சேதி வருதே, அது ஏன்னு யோசிச்சீங்களா? நீங்க வேணாம்னு சொன்னாத்தானே அவங்களுக்கு மிச்சம்?”

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதற்குள் நடுவில் ஒரு முரட்டு ஆள் ஏதோ அதட்டினான். அந்தப் பெண் பயந்துபோய் அவனுக்கு என்னவோ பதில் சொன்னாள். பிறகு இன்னும் தணிந்த குரலில், “இதை யாருக்கும் சொல்லிடாதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க” என்று முடித்தாள்.

பாவம், யார் பெற்ற பெண்ணோ! உண்மையைச் சொன்னதற்கு எவனோ மிரட்டுகிறான் பாருங்கள். பொய்யாக இருந்தால் ஏன் மிரட்ட வேண்டும்? உங்களையே கேட்கிறேன்.

காலைப் பலகாரம் முடிவதற்குள் அதே பதிவு இன்னும் பல பக்கத்திலிருந்து வந்துவிட்டது. கண்ணாடி வியாபாரிகள் சங்கத்திலிருந்து வந்தது. பள்ளித் தோழர்கள் குழுவிலிருந்து வந்தது. என் மச்சான் அனுப்பினான், என்னோடு பேசுவதை நிறுத்தி ரொம்ப நாளான மச்சான். ஒரே செய்தி எல்லாத் திசையிலிருந்தும் வந்தால் அது உண்மை. ஆராய்ச்சியின் அரிச்சுவடியே அதுதான்.

அட, எவ்வளவு பெரிய சூழ்ச்சி! எங்களை எங்கள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்து, ஊசியைப் பூராவும் அவர்கள் சுருட்டப் பார்க்கிறார்கள். நான் விடுவேனா? போட்டுக்கொண்டே தீருவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். இது பயந்து பின்வாங்குவது இல்லை. எதிரியின் கோட்டைக்குள் புகுந்து என் பங்கைப் பறித்துக்கொண்டு வருவது. ஆனால் அணிக்கும் தெரியக்கூடாது, மனைவிக்கும் தெரியக்கூடாது. மீசை ஒன்று இருக்கிறதே.

“நான் கடை வரைக்கும் போயி தூசி தட்டிட்டு வரேன்” என்றேன்.

“போயிட்டு வாங்க. அரைக்கைச் சட்டை போட்டுக்குங்க.”

“எதுக்கு?”

“தூசி தட்ட வசதியா இருக்கும்ல?”

“அதுவும் சரிதான்.”

“ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட தூசி தட்டக்கூடாது. உங்க அடையாள அட்டையைப் பையில வெச்சிருக்கேன்.”

“அது எதுக்கு?”

“வழியில போலீஸ் கேட்டா?”

என்ன பொறுப்பு, என்ன அக்கறை! இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நொடி மனசு உறுத்தியது. ஒரு நொடிதான்.

ஊசி போடும் இடம் ஒரு பள்ளிக்கூடம். போய்ப் பார்த்தால் வரிசை வாசலைத் தாண்டிச் சாலையில் நிற்கிறது. தரையில் வட்டம் போட்டு, ஆளுக்கொரு வட்டம். எல்லாரும் முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். சிலர் அதற்கு மேல் துண்டும் சுற்றியிருந்தார்கள். நோய்க்கு இவ்வளவு பயந்த கூட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நானும் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு வட்டத்துக்குள் நுழைந்தேன்.

முகத்தை மறைக்கலாம், சரி. கண்ணாடியை எங்கே கொண்டுபோய் மறைப்பது? எனக்கு முன்னால் நிற்கிறவர் போட்டிருந்தது பழுப்பு ஃபிரேம், இடதுபக்கக் காம்பு லேசாக வளைந்தது. அதை வளைத்ததே நான்தான். அவருடைய இடது காது ஒரு மட்டம் கீழே இருக்கும். மாடி வீட்டு கேஷியர்! அவருக்கு முன்னால் தங்கக் கம்பி ஃபிரேம். அணியின் செயலாளர். தள்ளி நிற்கிற பெரிய கறுப்பு ஃபிரேம், ‘ஊசியா, உயிரா?’ என்று தினமும் கவிதை போடுகிற ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கண்ணை ஓட்டினேன். என் கடையின் சரக்கு மொத்தமும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. விழிப்பு அணி முழு பலத்தோடு வந்திருந்தது.

கேஷியர் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

“யாரு, கண்ணாடிக்காரரா?” கிசுகிசுத்தார்.

“இல்லீங்க” என்றேன். பதற்றத்தில் வாயில் அதுதான் வந்தது.

“நான் எனக்காக வரலை. என் தம்பிக்கு எடம் பிடிச்சு வெச்சிருக்கேன்.”

“நானும் அப்படித்தான். மச்சானுக்கு.”

“தம்பி வந்துடுவான்.”

“மச்சானும் கிளம்பிட்டான்.”

அவருடைய தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். விமானமே ஓடாத காலம் அது. வரிசை நகர்ந்தது. தம்பியும் வரவில்லை, மச்சானும் வரவில்லை. கேஷியர் அறைக்குள் போய், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே மறுவாசல் வழியாக நழுவினார்.

என் முறை வந்தது. நர்ஸ் கையைத் துடைத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமிகள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

“எழுந்திரிங்க சார்.”

“ஏன்? போட மாட்டீங்களா? எனக்குத் தெரியும். தீந்துபோச்சு, அதானே?”

“போட்டாச்சு சார்.”

“எப்ப?”

“ரெண்டாவது சாமி பேர் சொல்லும்போதே.”

எழுந்தேன். நடந்தது நடந்துவிட்டது, இனி இவரிடம் உண்மையைக் கறந்துவிடலாம் என்று குனிந்து ரகசியமாகக் கேட்டேன். “இன்னையோட முடிஞ்சுதாமே?”

“எது?”

“ஊசி.”

“யாரு சொன்னா? உள்ள பெட்டி பெட்டியா இருக்கு. நேத்து வரைக்கும் ஈ ஓட்டிட்டிருந்தோம். இன்னைக்கு என்னமோ தெரியலை, காலையிலேர்ந்து மூச்சுவிட நேரமில்ல.”

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பாவம், அவரும் உத்தரவுப்படிதானே பேச முடியும்?

ஊசி போட்டவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகவேண்டுமாம். பக்கத்து அறையில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். போனேன். கேஷியர் அங்கே இருந்தார். செயலாளர் இருந்தார். தமிழாசிரியர் இருந்தார். எல்லாரும் இடதுகையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழிப்பு அணி அதுவரை நேரில் கூடியதே இல்லை. எங்கள் முதல் பொதுக்கூட்டம் அப்படி அமைதியாக நடந்து முடிந்தது.

வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

“தூசி நிறையவோ?”

“ரொம்ப.”

“கொஞ்சம் வாங்களேன். பரண்ல இருக்கிற அந்தப் பெரிய டப்பாவை இறக்கணும்.”

அந்த டப்பா பரணுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. இன்றைக்கு என்ன அவசரம்? காரணம் சொல்லி மறுக்கவும் வழியில்லை. வலதுகையை நீட்டினேன். “ஒத்தைக் கையால எடுத்தா விழுந்துடும், ரெண்டு கையாலயும் பிடிங்க” என்றாள். பிடித்தேன். கண்ணில் நீர் தளும்பியது. இறக்கினேன். திறந்து பார்த்துவிட்டு, “அட, இது இல்லைங்க. மேலயே வெச்சுடுங்க” என்றாள். வைத்தேன். அடுத்தது ஜன்னல் திரையைக் கழற்றச் சொன்னாள். அதற்கடுத்தது மெத்தையைப் புரட்டச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை செய்தேன். கொள்கைக்காகத் தூக்குமேடை ஏறியவர்களெல்லாம் இடதுகையால் மெத்தை புரட்டியிருக்கமாட்டார்கள்.

சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. படுக்கையில் விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் தலைமாட்டில் மாத்திரை, வெந்நீர், போர்வை, எல்லாம் எப்போதோ எடுத்து வைத்தது போல் இருந்தன. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“தூசி காய்ச்சல்” என்றாள்.

இனி மறைக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. புரிந்த அதே கணத்தில் ஒரு பிரமாதமான யோசனையும் உதித்தது. மறைப்பானேன்? இதையே தியாகமாக மாற்றிவிட்டால்? தோற்றவன் படுத்துக் கிடப்பது வேறு, தியாகி படுத்துக் கிடப்பது வேறு. குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன்.

“உன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். நான் கடைக்குப் போகல.”

“ஐயையோ! பின்ன எங்க போனீங்க?”

“ஊசி போட்டுக்கிட்டேன்.”

“நீங்களா!”

“ஆமா. உனக்காகத்தான். அன்னைக்கு நீ பேத்திய தூக்கணும்னு சொன்னபோது உன் குரல் உடைஞ்சுது பாரு, அது என்னைத் தூங்க விடலை. என் கொள்கை, மீசை, அணி, எல்லாத்தையும் உன் காலடியில போட்டுட்டேன்.”

அவள் கை துடைக்கும் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. ரொம்ப நேரம் குலுங்கின. அழாதே, அழாதே என்று நான் வலதுகையால் தட்டிக்கொடுத்தேன். பேச முடியாமல் எழுந்து சமையலறைக்கு ஓடினாள். அங்கே போயும் அவளுடைய விசும்பல் அடங்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

உண்மையில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். காய்ச்சல் இறங்கிய பிறகு பார்த்தால் நான் உயிரோடுதான் இருந்தேன். கேஷியரும் இருந்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் முகக்கவசம் இல்லாமல் யார் கண்ணிலும் படவில்லை. தன் வீட்டு பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூடக் கவசம்தான். உள்ளே மீசை இருக்கிறதா, எடுத்துவிட்டாரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். என் மீசை பற்றிக் கேட்கிறீர்களா? நான் தேதி எதுவும் குறிப்பிட்டுச் சொல்லவில்லையே.

மகளிடம் சொன்னோம். “நான் எப்பவோ போட்டாச்சு” என்று மனைவி சாதாரணமாகச் சொன்னபோதுதான், அன்றைக்குப் பாத்திரத்தை வலதுகையாலேயே கழுவியது ஏன் என்று எனக்கு விளங்கியது. “வாங்கப்பா!” என்று அவள் போட்ட கூச்சலில் குழந்தையே விழித்துக்கொண்டது. கொஞ்ச நாள் பொறுத்து, இருவரும் கிளம்பிப் போனோம். கை, கால், முகம் எல்லாம் கழுவி, வேறு துணி மாற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். மகள் பேத்தியைக் கொண்டு வந்து மனைவியின் கையில் வைத்தாள். மனைவி ‘செல்லம்’ சொல்லவில்லை, கொஞ்சவில்லை. உள்ளங்கையால் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டு பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னிடம் தந்தாள். என்ன எடை இருக்கும்? ஒன்றுமே இல்லை. என் விரலை அது தன் கைக்குள் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் யாராவது வந்து இன்னும் பத்து ஊசி போடவேண்டும் என்றிருந்தால், முதுகைக்கூடக் காட்டியிருப்பேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

“மாமா, நீங்க போடவே மாட்டேன்னு இருந்தீங்கன்னு சொன்னாங்க. எப்படி மனசு மாறினீங்க?”

பேத்தி மறுபடி மனைவியின் மடிக்குப் போய்விட்டாள். என் கை சும்மா இருந்தது. வாயும் சும்மா இருந்தது.

“மாப்ள, அது பெரிய ரகசியம். ஊசியை மொத்தமா பதுக்கப் பாத்தாங்க. உள்ளே வேலை செய்ற ஒரு பொண்ணு உயிரைப் பணயம் வெச்சு வெளியே சொல்லிச்சு. பக்கத்துலயே ஒரு முரடன் நின்னு மிரட்டறான். அப்படியும் சொல்லிச்சு. அந்தத் தைரியத்தைக் கேட்டா நீங்க அசந்துடுவீங்க.”

“அனுப்புங்க மாமா, கேப்போம்.”

அனுப்பினேன். “உனக்காகத்தானே போட்டுக்கிட்டேன்னு அப்பா சொன்னாரு?” என்று மகள் அம்மாவைப் பார்த்தாள். மனைவி குழந்தையைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் போன் புதுசு. அதோடு மேசைமேல் ஒரு நல்ல ஸ்பீக்கரும் இணைத்து வைத்திருந்தார். தட்டினார். அவருக்கு நாட்டைக் காப்பாற்றும் அவசரம் எதுவும் இல்லாததால், எல்லாரும் கேட்கிற சாதாரண வேகத்தில் கேட்டார்.

“கவனமா கேளுங்க...”

நிதானமான குரல். தெளிவான குரல். யானைக்குட்டியைக் குளிக்கக் கூப்பிடுகிற குரல். பின்னால் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அதற்குப் பின்னால் அந்த முரடனும் வந்தான்.

“ஏய், என் கண்ணாடி எங்க?”

“தலைமேல இருக்கு பாருங்க.”

“எங்க? ஆங்... இருக்கு, இருக்கு.”

“இதை யாருக்கும் சொல்லிடாதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க.”

ஸ்பீக்கர் அணைந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். மாப்பிள்ளை தரையில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்தார். நல்ல பிள்ளை. ஆனால் அவருடைய தோளும் குலுங்கியது. அந்தக் குலுங்கலை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதை அழுகை என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தேன்.

“நீயா!” என்றேன்.

“மெதுவா பேசுங்க, பாப்பா தூங்கறா.”

“பெரிய ஆளுங்கள்லாம் போட்டுக்கிட்டாங்கன்னு புளுகினியே!”

“அதுல என்னங்க புளுகு? நானும் சம்பந்தியம்மாவும் சத்தமில்லாம போட்டுக்கிட்டோம். நம்ம ரெண்டு வீட்லயும் எங்களைவிடப் பெரிய ஆள் யாரு?”

“ஊசி தீரப்போகுதுன்னியே?”

“அது பொய்தான். நீங்க தினமும் அனுப்பின பொய்ங்களுக்கு முன்னால அது கைக்குழந்தை.”

“ஊரு பூரா அனுப்பி வெச்சியே!”

“நான் தெருமுனை டெய்லர் அக்கா ஒருத்தருக்குத்தான் அனுப்பினேன். மத்ததை எல்லாம் உங்க அணிதான் பாத்துக்கிச்சு. கேஷியர் வீட்டம்மா எனக்கு போன் பண்ணி நன்றி சொன்னாங்க, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு அவங்களுக்கு.”

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். என் வீட்டில், என் காதருகே, தினமும் பேசுகிற குரல். அதை எவளோ முன்பின் தெரியாத வீராங்கனை என்று நினைத்து அவளுக்காக நான் கவலைப்பட்டிருக்கிறேன். என்னையே ஒரு முரடன் என்று நினைத்து என்மேல் ஆத்திரப்பட்டிருக்கிறேன். இனி எந்தக் குரல் பதிவையும் கேட்பதில்லை, எந்தச் செய்தியையும் நம்புவதில்லை, எவன் சொல்லியும் எதையும் செய்வதில்லை என்று அங்கேயே எழுந்து நின்று அறிவித்தேன். கையைக்கூட உயர்த்தினேன், இடதுகையை.

மனைவி பேத்தியின் முதுகைத் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல், அதே கதை சொல்கிற குரலில் சொன்னாள்.

“சரிங்க. ரெண்டாவது ஊசிக்கு என்ன சேதி வேணும்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க, வீட்டுக்குப் போனதும் பேசி அனுப்பிடறேன்.”